மறுசுழற்சி ஜல்லிக் கான்கிரீட்டில் கம்பியின் பிடிப்பு குறையுமா? லேப் நீளத்தைக் கூட்ட வேண்டுமா?

மேற்பார்வையாளன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடிகளும் கொண்ட ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் தளப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். எங்களுக்குக் கான்கிரீட் வழங்கும் ரெடிமிக்ஸ் நிறுவனம், எம்25 (ஒரு சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் வலிமைத் தரம்) கலவையில் சேரும் ஜல்லியில் 20 விழுக்காட்டை, இடித்த கான்கிரீட்டை உடைத்துச் சலித்த ஜல்லியாகத் தர முன்வந்துள்ளது. உரிமையாளருக்கு இதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் கம்பி கட்டும் மேஸ்திரி, "பழைய ஜல்லியில் கம்பி பிடிக்காது சார், லேப்பை அறுபது டி வைத்துவிடுங்கள்" என்று உறுதியாகச் சொல்கிறார். வரைபடத்தில் லேப், அதாவது இரண்டு கம்பிகளை அருகருகே வைத்து இணைக்கும் நீளம், 50 டி (கம்பி விட்டத்தின் 50 மடங்கு) என்றுதான் உள்ளது. பீம்களின் அகலம் 230 மி.மீ.; கம்பிகள் 16, 20 மி.மீ. எஃப்இ 500 (ஒரு சதுர மி.மீ.க்கு 500 நியூட்டனில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் எஃகு). மேஸ்திரியின் அச்சத்துக்கு ஆய்வு அடிப்படையில் ஏதேனும் ஆதாரம் உண்டா என்பதை அறிய விரும்புகிறேன்.

வரைமேசை எழுதியது:

முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். ஜல்லிக்கான இந்தியத் தர நெறிமுறையான ஐ.எஸ். 383-இன் 2016 ஆம் ஆண்டுத் திருத்தம், இடிபாட்டிலிருந்து வரும் ஜல்லியை இரண்டாகப் பிரிக்கிறது. கான்கிரீட்டை மட்டும் உடைத்துப் பெறுவது ஒரு வகை. செங்கல், ஓடு, பூச்சுச் சாந்து எல்லாம் கலந்து வருவது மற்றொரு வகை. முதல் வகையை வலுவூட்டிய கான்கிரீட்டில் எம்25 தரம் வரை 20 விழுக்காடும், கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 விழுக்காடும், எம்15-க்குக் குறைந்த மெலிந்த கலவையில் முழுவதுமாகவும் பயன்படுத்தலாம். இரண்டாம் வகைக்கு மெலிந்த கலவையில் மட்டுமே இடம் உண்டு. நம் ஊரில் இடிக்கப்படும் வீடுகள் பெரும்பாலும் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமுமாக இருப்பதால், இடிக்கும்போதே பிரித்து வைக்காவிட்டால் கையில் கிடைப்பது இரண்டாம் வகைதான். எனவே உங்கள் நிறுவனம் தருவது எந்த வகை என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்து 50 டி. கான்கிரீட் வடிவமைப்பு நெறிமுறையான ஐ.எஸ். 456, எம்25 கான்கிரீட்டில் வழவழப்பான கம்பிக்கு அனுமதிக்கும் வடிவமைப்புப் பிணைப்புத் தகைவு, ஒரு சதுர மி.மீ.க்கு 1.4 நியூட்டன். வரிகள் எழும்பிய கம்பிக்கு அதை 60 விழுக்காடு கூட்டி 2.24 என்று கொள்கிறோம். எஃப்இ 500 கம்பியின் வடிவமைப்புத் தகைவான 435-ஐ 2.24-இன் நான்கு மடங்கால் வகுத்தால் 48.5 வருகிறது, அதைத்தான் வரைபடத்தில் 50 என்று முழுமையாக்கியிருக்கிறார்கள். இந்தக் கணக்கில் கான்கிரீட்டின் தரம் மட்டுமே இடம்பெறுகிறது. ஜல்லி மலையிலிருந்து வந்ததா, இடித்த பாலத்திலிருந்து வந்ததா என்பதை அது கேட்பதே இல்லை. கனசதுர வலிமை (சோதனைக் கனசதுரத்தின் அழுத்த வலிமை) வந்துவிட்டால் பிணைப்பும் வந்துவிடும் என்பதுதான் அதன் உட்பொருள். அந்த உட்பொருள் மறுசுழற்சி ஜல்லிக்கும் பொருந்துமா என்பதே இங்கு விவாதிக்க வேண்டியது.

ஆய்வகத்தான் எழுதியது:

வரைமேசை அவர்கள் கேள்வியைச் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறார். கம்பியைக் கான்கிரீட் பிடித்துக்கொள்வதில் மூன்று செயல்கள் உண்டு. சிமென்ட் பசை கம்பியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது முதலாவது. இது மிகச் சிறிய நழுவலிலேயே அறுந்துவிடும். உராய்வு இரண்டாவது. கம்பியின் வரிகள் தமக்கு முன்னால் இருக்கும் கான்கிரீட்டில் முட்டி நிற்பது மூன்றாவது. டிஎம்டி போன்ற வரிக் கம்பியில் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது இந்த மூன்றாவது செயலே. வழவழப்பான கம்பிக்கோ முதலிரண்டும்தான் கதி.

இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் ஆய்வு முடிவுகள் எளிதில் விளங்கும். ஷாங்காய் தோங்ஜி பல்கலைக்கழகத்தின் சியாவோவும் ஜெர்மனியின் ஃபால்க்னரும் 2007 இல் வெளியிட்ட ஆய்வில் 36 மாதிரிகளில் கம்பியை இழுத்துப் பார்த்தார்கள். ஜல்லியில் 0, 50, 100 விழுக்காடு என்று மாற்றி, மற்ற விகிதங்களை அப்படியே வைத்தபோது, வழவழப்பான கம்பியின் பிணைப்பு குறைந்தது. வரிக் கம்பியின் பிணைப்புக்கும் மறுசுழற்சி ஜல்லியின் அளவுக்கும் தெளிவான தொடர்பு எதுவும் தென்படவில்லை. அதைவிடக் கவனிக்கத்தக்கது மற்றொன்று: அழுத்த வலிமை சமமாக இருக்கும் கலவைகளை ஒப்பிட்டால், முழுவதும் மறுசுழற்சி ஜல்லியிட்ட கான்கிரீட்டில் பிணைப்பு சாதாரணக் கான்கிரீட்டைவிட அதிகமாகவே இருந்தது. அதே வலிமையை எட்ட நீர்–சிமென்ட் விகிதத்தைக் குறைக்க வேண்டியிருப்பதால் புதிய சாந்து அடர்ந்து அமைவதும், பழைய சாந்து ஒட்டிய ஜல்லியின் மீட்சிக் குணகமும் (விறைப்பின் அளவு) புதிய சாந்தின் குணகமும் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்பதும் இதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

ரூர்க்கி ஐஐடியில் பிரின்ஸும் பூபிந்தர் சிங்கும் 8, 10 மி.மீ. கம்பிகளில் செய்து 2013 இல் வெளியிட்ட சோதனைகளிலும் இரு வகைக் கான்கிரீட்டின் பிணைப்பும் ஒப்பிடத்தக்கதாகவே இருந்தது. ஆகவே 20 விழுக்காட்டுக்கு மேஸ்திரி அஞ்ச வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வரைமேசை எழுதியது:

நீங்கள் எடுத்துக்காட்டியவை எல்லாம் கனசதுரத்தின் நடுவில் கம்பியைப் புதைத்து வெளியே இழுக்கும் சோதனைகள். அவற்றை வைத்துப் பீமில் வரும் லேப்பைத் தீர்மானிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சோதனையில் கம்பியைச் சுற்றிப் போதிய தடிமனுக்குக் கான்கிரீட் இருக்கிறது. போதாததற்கு இழுப்புச் சோதனைக்கான நம் ஐ.எஸ். 2770 முறையில் சுருள் கம்பி வேறு சுற்றிவிடுகிறோம். இழுக்கும் எந்திரம் கனசதுரத்தின் முகத்தில் ஊன்றி நிற்பதால் கான்கிரீட் அழுத்தத்தில் இருக்கிறது. பீமின் அடியிலோ கம்பியும் அதைச் சூழ்ந்த கான்கிரீட்டும் சேர்ந்தே இழுவிசைக்கு உள்ளாகின்றன. கம்பிக்குக் கீழே இருப்பதும் மெல்லிய கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் படலம்தான். அங்கே கம்பி உருவிக்கொண்டு வருவதற்கு முன்பே கவர் பிளந்துவிடும்.

ஆய்வகத்தான் எழுதியது:

இந்த மறுப்பு நியாயமானது. விரிவாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுவே.

வரி கான்கிரீட்டைத் தள்ளும் விசை கம்பிக்கு இணையாக மட்டும் செல்வதில்லை, சாய்வாகச் செல்கிறது. வரிக்கு முன்னால் நசுங்கிய கான்கிரீட் தூள் சிறு ஆப்பாக இறுகி, சுற்றியுள்ள கான்கிரீட்டை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. இதனால் கம்பியைச் சுற்றி வளைய வடிவில் இழுவிசை தோன்றுகிறது. அந்த வளையத்தை எது தாங்குகிறது என்பதைப் பொறுத்தே முடிவு அமையும். கவரும் ஸ்டிரப்பும் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) போதுமானவையாக இருந்தால், வரிகளுக்கு இடைப்பட்ட கான்கிரீட் வெட்டுண்டு கம்பி உருவி வரும். அப்போது அழுத்த வலிமையே ஆட்சி செய்யும். போதாவிட்டால் கம்பியின் நீளத்தில் விரிசல் விழுந்து கவர் பிளக்கும். அப்போது ஆட்சி செய்வது கான்கிரீட்டின் இழுவிசைத் தாங்குதிறனும், விரிசல் எவ்வளவு எளிதில் பரவுகிறது என்பதும்தான். மறுசுழற்சி ஜல்லியின் பலவீனம் இந்த இரண்டாவது நிலையில்தான் வெளிப்படும். கருங்கல் ஜல்லியை எதிர்கொள்ளும் விரிசல் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பழைய சாந்து ஒட்டிய ஜல்லியிலோ அந்தச் சாந்தையோ, அதற்கும் கல்லுக்கும் இடைப்பட்ட பழைய எல்லையையோ பிளந்துகொண்டு நேராகப் போய்விடும்.

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் பட்லர், வெஸ்ட், டைய் ஆகியோர். 2011 இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, கனசதுரத்தை விட்டுவிட்டுப் பீமின் முனைப்பகுதியை ஒத்த மாதிரிகளைப் பயன்படுத்தியது. அதில் இயற்கை ஜல்லிக் கான்கிரீட்டின் பிணைப்பு, அதற்கு நிகரான மறுசுழற்சி ஜல்லிக் கான்கிரீட்டின் பிணைப்பைவிட 9 முதல் 19 விழுக்காடு அதிகமாக இருந்தது. பிணைப்பு வலிமை ஜல்லியின் நொறுங்கு மதிப்போடு (அழுத்தத்தில் எவ்வளவு நொறுங்குகிறது என்ற அளவு) நன்கு பொருந்தி வந்ததையும் அவர்கள் காட்டினார்கள். எத்தனை விழுக்காடு கலந்தோம் என்ற கேள்வியோடு, எந்தத் தரமான ஜல்லியைக் கலந்தோம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று இதிலிருந்து கொள்கிறேன். உயர்தரக் கான்கிரீட்டை உடைத்துப் பெற்ற ஜல்லியும், உப்பிப் பொரிந்த பழைய தளத்தை உடைத்துப் பெற்ற ஜல்லியும் ஒரே பெயரில் வந்தாலும் ஒன்றல்ல.

எனவே வரைமேசை அவர்களின் மறுப்பை ஏற்கிறேன்; ஆனால் அந்தக் குறைவு முழு அளவில் மறுசுழற்சி ஜல்லி இட்டபோது கிடைத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 20 விழுக்காட்டில் அது மற்ற மாறுபாடுகளுக்குள் கரைந்துவிடும் என்றே கணிக்கிறேன்.

கலவைக்கூடம் எழுதியது:

ரெடிமிக்ஸ் பக்கத்திலிருந்து சில செய்திகள். இந்த ஜல்லியில் எங்களுக்குத் தலைவலி தருவது தண்ணீர்தான். நல்ல கருங்கல் ஜல்லி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீர் உறிஞ்சும். பழைய சாந்து ஒட்டிய ஜல்லி அதைவிடப் பல மடங்கு உறிஞ்சும். ஐ.எஸ். 383 இதற்கு 10 விழுக்காடு வரை இடம் கொடுத்தாலும், அப்படி அதிகமாக உறிஞ்சும் ஜல்லியைக் கலப்பதற்கு முன்பே நனைத்துவிட வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. காய்ந்த ஜல்லியை அப்படியே கொட்டினால், லாரி தளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) விழுந்துவிடும். அங்கே இருப்பவர்கள் டிரம்மில் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். கம்பியின் பிடிப்பைக் கெடுப்பது ஜல்லியைவிட அந்தத் தண்ணீர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுபக்கம், ஜல்லியை முழுக்க ஊறவைத்துப் போடுவதும் தவறு. ஹாங்காங்கில் பூன் குழுவினர் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், ஊறிய நிலையில் போட்ட மறுசுழற்சி ஜல்லியைவிடக் காற்றில் உலர்ந்த நிலையில் போட்டது நல்ல வலிமை தந்தது. உள்ளே தேங்கிய நீர் வைப்ரேட்டர் ஓடும்போது வெளியே கசிந்து, ஜல்லியைச் சுற்றியுள்ள சாந்தை நீர்க்கச் செய்துவிடுகிறது. பீமின் மேல்கம்பிக்கு அடியில் நீர் தேங்கினால் அங்கே சிறு வெற்றிடம் நின்றுவிடும் என்பது நாம் அறிந்ததே. நாங்கள் தெளிப்பானில் நனைத்து, ஒரு நாள் மூடிவைத்து, ஈரத்தை அளந்த பிறகே எடைபோடுகிறோம். கலக்கும்போதும் பாதித் தண்ணீரை முதலில் ஜல்லி, மணலோடு ஓடவிட்டு, பிறகு சிமென்ட்டைச் சேர்த்து, கடைசியில் மீதித் தண்ணீரை விடும் இரண்டு கட்ட முறையைப் பின்பற்றுகிறோம். ஹாங்காங்கில் விவியன் டாம் குழுவினர் 2005 இல் முன்வைத்த முறை இது. முதலில் உருவாகும் பசை பழைய சாந்தின் நுண்விரிசல்களை அடைத்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: மணலுக்குப் பதிலாக இடிபாட்டுத் தூளை ஏற்கவே வேண்டாம். நெறிமுறை அதற்கும் 20 விழுக்காடு வரை இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பது சாந்து, ஜல்லி அல்ல.

ஆய்வகத்தான் எழுதியது:

கலவைக்கூடம் சொன்ன கடைசிக் கருத்துக்கு ஆதாரம் உண்டு. போலந்தின் கிளிவிட்சே நகரில் அய்துகியேவிச், கிளிஷ்செவிச் இருவரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், ஜல்லியை மட்டும் மாற்றி இயற்கை மணலை வைத்தபோது பிணைப்பு ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்தது. மணலையும் மறுசுழற்சியாக மாற்றியபோது குறைவு ஏறத்தாழ 20 விழுக்காட்டை எட்டியது.

ஓய்வுபெற்றவன் எழுதியது:

இளைஞர்கள் எல்லோரும் ஜல்லியைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த 50 டி சரியா என்பதை ஒருவரும் கேட்கவில்லை. அது ஒற்றைக் கம்பியின் பிடிப்பு நீளம். லேப்புக்கு ஐ.எஸ். 456, 26.2.5.1 பிரிவில் கூடுதல் நிபந்தனைகள் உள்ளன. இழுவிசைக் கம்பியின் லேப் வார்ப்பின் மேற்பகுதியில் அமைந்து, கவர் கம்பி விட்டத்தின் இருமடங்குக்குக் குறைவாக இருந்தால், லேப்பை 1.4 மடங்காக்க வேண்டும். மூலைக் கம்பிக்கு எந்த ஒரு முகத்திலாவது கவர் இருமடங்கு விட்டத்துக்குக் குறைந்தாலோ, அடுத்தடுத்த லேப்புகளுக்கு இடைப்பட்ட வெற்றிடம் 75 மி.மீ., விட்டத்தின் ஆறு மடங்கு ஆகிய இரண்டில் பெரியதைவிடக் குறைந்தாலோ, அப்போதும் 1.4 மடங்கு. இரண்டு நிலைகளும் சேர்ந்தால் 2 மடங்கு.

இப்போது உங்கள் 230 மி.மீ. பீமுக்கு வாருங்கள். கவர் 30, ஸ்டிரப் 8. ஆக முதன்மைக் கம்பி இருபுறமும் 38 மி.மீ. உள்ளே இருக்கிறது. இரண்டு மூலைகளிலும் 16 மி.மீ. கம்பி ஒரே இடத்தில் லேப் ஆனால், பக்கத்துக்கு இரண்டு கம்பியாக 64 மி.மீ. போய்விடும். 230-இல் 76-ஐயும் 64-ஐயும் கழித்தால் நடுவில் மிஞ்சுவது 90 மி.மீ. தேவையோ 96. நடுவில் மூன்றாவது கம்பி ஒன்று ஓடினாலும் அதன் லேப்பும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். 20 மி.மீ. கம்பியானால் மிஞ்சுவது 74, தேவை 120. அதற்கு 38 மி.மீ. கவரே இருமடங்கு விட்டமான 40-ஐ எட்டவில்லை. ஆகவே 16, 20 மி.மீ. கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் லேப் செய்யும் இந்த ஒன்பது அங்குல பீமில் 1.4 என்ற பெருக்கல் வந்தே தீரும். 16 மி.மீ. கம்பிக்கு 777 மி.மீ. போதாது, 1,088 மி.மீ. வேண்டும். அது விட்டத்தின் 68 மடங்கு. மேஸ்திரி கேட்கும் 60 டி-யே அதைவிடக் குறைவு!

மறுசுழற்சி ஜல்லி முழு அளவில் போட்டாலும் ஆய்வுகள் காட்டும் இழப்பு 20 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்கிறீர்கள். கருங்கல் ஜல்லி போட்டே, வேண்டிய நீளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தளத்தில் விட்டுவிடுகிறோம். இரண்டில் எது பெரிய இடர் என்று நீங்களே பாருங்கள்.

வரைமேசை எழுதியது:

ஐயா சுட்டிக்காட்டியது பெரும்பாலான வரைபடங்களில் விடுபடும் விஷயம். நான் அதற்கு நீளத்தைக் கூட்டுவதைவிட லேப்பை மாற்றிமாற்றி வைப்பதையே பரிந்துரைப்பேன். நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920 நெறிமுறை பொருந்தும் கட்டடங்களில், ஒரே இடத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் லேப் செய்யக் கூடாது; தூணின் முகத்திலிருந்து பீம் ஆழத்தின் இருமடங்கு தொலைவுக்குள் லேப் வரக் கூடாது; லேப் நீளம் முழுவதிலும் ஸ்டிரப் இடைவெளி 150 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பிளத்தலைத் தடுக்கும் வளையம் அந்த ஸ்டிரப்தான் என்பதால், மறுசுழற்சி ஜல்லி எங்கே பலவீனமோ அங்கேயே அது கைகொடுக்கிறது. பேரேட்டில் எழுதும் 60 டி-யைவிட லேப்பின் மேல் நெருக்கமாகக் கட்டிய நான்கு ஸ்டிரப் எனக்கு அதிக நம்பிக்கை தரும்.

மேற்பார்வையாளன் எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. தளத்தில், அதாவது ஸ்லாபில், 8 மி.மீ. கம்பிகளுக்கு ஸ்டிரப்பே கிடையாது. அங்கே பிளத்தலை எது தடுக்கும்? இரண்டாவதாக, பிணைப்பில் இவ்வளவு சிறிய வேறுபாடுதான் என்றால், நெறிமுறை ஏன் 20 விழுக்காட்டோடும் எம்25-ஓடும் நிறுத்திக்கொண்டது?

ஆய்வகத்தான் எழுதியது:

ஸ்லாபில் கவருக்கும் கம்பி விட்டத்துக்கும் உள்ள விகிதமே உங்களைக் காப்பாற்றுகிறது. 20 மி.மீ. கவரில் 8 மி.மீ. கம்பி என்றால் கவர் விட்டத்தின் இரண்டரை மடங்கு. கம்பிகளுக்கு இடைவெளியும் தாராளம். பீமின் 20 மி.மீ. கம்பிக்கு இந்த விகிதம் இரண்டுக்கும் கீழே. கவர் பிளாக் நசுங்கிக் கம்பி சென்ட்ரிங் பலகையில் உட்கார்ந்துவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். ஆகவே ஸ்லாபில் நான் லேப்பை அளப்பதற்கு முன் கவர் பிளாக்கைத்தான் எண்ணுவேன்.

20 விழுக்காட்டு வரம்புக்குப் பிணைப்பு காரணமாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். மறுசுழற்சி ஜல்லி கூடக்கூட மீட்சிக் குணகம் குறைகிறது, உலர்சுருக்கமும் தவழ்வும் (நீடித்த சுமையில் மெல்ல உருமாறுவது) கூடுகின்றன. பீம் தொய்வதும் விரிசல் அகலமாவதும் அவற்றின் விளைவே. அதோடு மூலப்பொருள் இன்று ஒரு கட்டடம், நாளை வேறொரு கட்டடம். தரம் ஒரே சீராக இருக்காது என்ற நிலையில், விதி எழுதுபவர்கள் கையை இறுக்கி வைப்பது இயல்பு.

கலவைக்கூடம் எழுதியது:

கடற்கரை ஊர்களில் இடித்த கட்டடங்களின் ஜல்லி என்றால் குளோரைடு சோதனை அறிக்கையையும் கேளுங்கள். கம்பியுள்ள கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது ஐ.எஸ். 456. இன்று பிடித்த கம்பி சில ஆண்டுகளில் துருவேறி வீங்கினால், லேப் எத்தனை டி என்பது பொருளற்றுப் போகும்.

முதுகலை_மாணவி எழுதியது:

இந்த இழையைப் படித்த பிறகு என் ஆய்வேட்டில் 16 மி.மீ. கம்பியில் 0, 50, 100 விழுக்காடு ஜல்லிக்கு இழுப்புச் சோதனை செய்யலாம் என்றிருக்கிறேன். 150 மி.மீ. கனசதுரத்தின் முழு நீளத்துக்கும் கம்பியைப் புதைக்கலாமா?

ஆய்வகத்தான் எழுதியது:

வேண்டாம். 16 மி.மீ. எஃப்இ 500 கம்பி ஏறத்தாழ 100 கிலோ நியூட்டனில் இளகத் (நிரந்தரமாக நீளத்) தொடங்கும். 1990 ஆம் ஆண்டின் ஐரோப்பிய மாதிரி நெறிமுறை, கம்பியைச் சுற்றிலும் நன்கு இறுக்கிப் பிடிக்கும் கான்கிரீட்டில் உச்சப் பிணைப்பைக் கான்கிரீட் வலிமையின் வர்க்கமூலத்தின் 2.5 மடங்கு என்கிறது. வலிமை 25 என்றால் 12.5 மெகாபாஸ்கல். 150 மி.மீ. நீளத்துக்கு அது 94 கிலோ நியூட்டன் ஆகிவிடும். கான்கிரீட் சற்று வலுவாக அமைந்தாலும் கம்பி இளகிவிடும். நீங்கள் அளப்பது பிணைப்பாக இருக்காது. ரைலெம் (கட்டுமானப் பொருள் சோதனைக்கான பன்னாட்டு அமைப்பு) முறைப்படி விட்டத்தின் ஐந்து மடங்கு, அதாவது 80 மி.மீ. மட்டும் கான்கிரீட்டைத் தொடட்டும். மீதி நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் வாயை மெழுகால் அடைத்துவிடுங்கள். அப்போது 50 கிலோ நியூட்டனை ஒட்டி முடிவு கிடைக்கும். இழுக்காத முனையில் டயல் கேஜ் பொருத்தி நழுவலை அளங்கள், 0.025 மி.மீ. நழுவலில் உள்ள தகைவையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

வரைமேசை எழுதியது:

முடிந்தால் சில மாதிரிகளில் கம்பியை நடுவில் வைக்காமல், ஒரு முகத்திலிருந்து 30 மி.மீ. கவரில், சுருள் கம்பி இல்லாமல் வைத்துப் பாருங்கள். மறுசுழற்சி ஜல்லியின் வேறுபாடு தெரியுமானால் அவற்றில்தான் தெரியும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஜல்லியின் நொறுங்கு மதிப்பையும் கான்கிரீட்டின் பிளப்பு இழுவலிமையையும் அட்டவணையில் சேர்க்க மறக்க வேண்டாம்.